பெங்களூரில் பன்னீர் ரோஜா

லால்பாக்கில் ஆண்டுக்கு இருமுறை, சனவரியிலும் ஆகஸ்டிலும், மலர்க்காட்சி நடைபெறுவதை நம் நேயர்கள் அறிவர். 1889-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகைக்குள் கூட்டத்தோடு கூட்டமாக நாமும் சென்றிருந்தோம். ரோஜாக்கள் கண்ணைப் பறித்தன. உள்ளங்கையளவு மலர்கள், ஒரே இதழில் இரண்டு வண்ணங்கள். உடன் வந்த சிறுமி எட்டி ஒன்றை முகர்ந்துவிட்டு, "மணமே இல்லையே!" என்றாள்.

மறுநாள் விடியுமுன் அவளைக் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டுக்கு அழைத்துச் சென்றோம். அங்கே சாக்கை அவிழ்த்து உதிரியாகக் கொட்டி, கிலோக் கணக்கில் விற்கிறார்களே ஓர் இளஞ்சிவப்புப் பூ, அதை ஒரு கை அள்ளி அவளிடம் கொடுத்தோம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரர் அதைப் பன்னீர் குலாபி என்றார். நம் ஊர்ப் பெயர் பன்னீர் ரோஜா. எட்வர்டு ரோஜா என்றும் சொல்வதுண்டு. மாலைக்கும் குல்கந்துக்கும் உரிய மலர் இது. காட்சிக்கு வைத்தால் பரிசு பெறாது. ஒரே நாளில் இதழ் உதிர்த்துவிடும்.

'எட்வர்டு' எந்த ஆங்கிலேய மன்னனையும் குறிப்பதன்று. இந்துமாக்கடலிலுள்ள ரெயூனியன் தீவுக்கு முன்னாளில் பூர்போன் என்று பெயர். அத்தீவில் சீன ரோஜாவையும் தமாஸ்கு ரோஜாவையும் வேலியாக நட்டு வளர்த்தனர். அவை இரண்டும் தாமே கலந்து பிறந்த செடியை அங்குள்ளோர் 'ரோஸ் எதுவார்' என்றழைத்தனர். பிரெயோன் என்ற பிரெஞ்சுத் தாவர நூலார் 1817-ஆம் ஆண்டையொட்டி அதைக் கண்டு, விதைகளைப் பாரிசுக்கு அனுப்பினார். பூர்போன் ரோஜாக் குலம் அதிலிருந்து பெருகியது. அதே நூற்றாண்டில் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர் என்பதையும் இங்கு நினையாதிருக்க இயலவில்லை.

1867-இல் பிரான்சில் 'லா பிரான்ஸ்' என்ற கலப்பு ரோஜா தோன்றியது. அதற்கு முன்பே இருந்த குலங்களைப் பழைய ரோஜாக்கள் என வகுப்பர். பழையவை அனைத்தும் பெங்களூருக்கு ஒத்துவரும் என்று எண்ணிவிடலாகாது. ஐரோப்பாவின் காலிக்கா, ஆல்பா ஆகியவை கடுங்குளிரில் உறங்கி எழுந்தாலன்றிப் பூப்பதில்லை. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பினும் நமது நகரின் குளிர் அவற்றுக்குப் போதாது. படம் பார்த்து மயங்கி அவற்றை வரவழைப்பவர் இலைகளை மட்டுமே கண்டு களிக்க வேண்டும்! சீன ரோஜா, தேயிலை ரோஜா, நுவாசெத், பூர்போன் ஆகிய குலங்களே இங்கு ஏற்றவை. இடமும் பந்தலும் உள்ளவர்கள் 1864-ஆம் ஆண்டு வெளிவந்த மஞ்சள் நிறக் கொடியான 'மார்ஷல் நீல்' கிடைத்தால் வளர்த்துப் பார்க்கலாம். ஒரே ஒரு செடிக்கு இடமுள்ளவர்க்கு எமது பரிந்துரை பன்னீர் ரோஜாவே.

அதிலும் ஒட்டுச்செடியை விடுத்து, குச்சியிலிருந்து சொந்த வேரில் எழுந்த செடியைத் தேடுங்கள். முன்பு ஒருமுறை நர்சரியொன்றில் கருஞ்சிவப்பு ரோஜா ஒட்டுச்செடிகள் நான்கு வாங்கினோம். இரண்டாம் ஆண்டில் மூன்று பட்டுப்போயின. நான்காவது செழித்து வளர்ந்து, சிறு வெண்பூக்களைக் கொத்துக் கொத்தாகப் பூத்தது! ஒட்டு மடிந்து, அடிவேர்ச் செடி தலையெடுத்துவிட்டதை நாம் அறியவில்லை. ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பிய தளிர்களுக்குத்தான் அத்தனை நாளும் நீர் ஊற்றியிருக்கிறோம். சொந்த வேர்ச்செடிக்கு இத்தொல்லை இல்லை. அடியோடு வெட்டினாலும் அதே செடிதான் துளிர்க்கும்.

சூன் மாத மழை தொடங்கியதும், பூத்து முடிந்த கிளையில் பென்சில் பருமனுள்ள குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே அமையட்டும். மேலே இரண்டு இலைகளை விட்டு மற்றவற்றைக் களைந்து, செம்மண்ணும் மணலும் கலந்த தொட்டியில் பாதிக்குமேல் புதையுமாறு ஊன்றி, நிழலில் வையுங்கள். ஆறு வாரங்களில் வேர் பிடிக்கும். அதற்குள் பிடுங்கிப் பார்க்கும் ஆவலை அடக்குவதே கடினமான வேலை. பிறகு நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி நோய் வரும். விழுந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுவது நலம். மழை ஓய்ந்ததும் கவாத்துச் செய்து தொழுவுரமிட்டால் பொங்கலையொட்டிப் பூக்கும்.

நமது செடியின் வரலாறு இது. அல்சூரில் பல்லாண்டுகளாகக் குடியிருந்த ஓர் அம்மையாரின் ஓட்டு வீட்டை, அடுக்குமாடி கட்டுவதற்காக இடிக்க ஏற்பாடாயிற்று. வாசலில் நின்ற பன்னீர் ரோஜாவை அவர் மணமாகி வந்த ஆண்டில் வேலூரிலிருந்து குச்சியாகக் கொணர்ந்தாராம். பெயர்த்தெடுக்கும் வயதை அச்செடி கடந்திருந்தது. "வேண்டிய மட்டும் வெட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்லிவிட்டு, உள்ளே சென்றுவிட்டார். ஆறு குச்சிகள் ஊன்றினோம், இரண்டு பிழைத்தன. ஒன்று நம் வீட்டு மாடியில் நிற்கிறது. மற்றதைப் பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் வைத்து, மகன் வீட்டு ஐந்தாம் மாடிக்குக் குடிபோன அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தோம். வெயில் வரும் பக்கம் எது என்று அவர் கேட்டார். பால்கனியின் கிழக்கு மூலையில் வைத்துவிட்டு வந்தோம்.