நாற்பதா, நாற்பத்தொன்றா?

ஆரணியில் குழித்தறி போட்டிருக்கும் ஒரு வீடு. அப்பா பட்டு நெய்கிறவர். மகன் சென்னையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறான். பொங்கல் லீவுக்கு வந்தபோது வீடே அமைதியாக இருந்தது. அப்பா நெய்து கொடுத்த சேலை திரும்பி வந்துவிட்டதாம். "ஜரிகையை மாத்திட்டீங்க" என்று முதலாளி கூலியை நிறுத்திவிட்டார். ஜரிகை கொடுத்ததே அவர்தான்! பணம் போனதைவிட அந்த 'மாத்திட்டீங்க' தான் அப்பாவைச் சாப்பிட விடவில்லை.

மகன் செமினாருக்குத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா அது?"

"மேல காத்துல இருக்கிற அயனி எதனால ஆனதுன்னு கண்டுபிடிக்கறதுப்பா."

1912ல் விக்டர் ஹெஸ் பலூனில் 5,300 மீட்டர் வரை போய், மேலே போகப் போகக் காற்றில் அயனிகள் அதிகம் உண்டாவதைப் பார்த்தார். காரணம், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள். நம் ஊரிலும் 1980களில் ஐதராபாத்திலிருந்து பலூன் விட்டு அயனிகளின் அடர்த்தியை அளந்தார்கள். ஆனால் எத்தனை என்பது வேறு, எது என்பது வேறு அல்லவா?

'எது' என்று தெரிய எடை போட வேண்டும். அதற்கு நிறைமாலைமானி என்ற கருவி. சின்ன ஓட்டை வழியாக அயனியை வெற்றிடத்துக்குள் இழுத்து, மின்புலத்தால் ஒவ்வொரு எடையாகப் பிரிக்கும். 1970களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் குழு இதைப் பலூனில் ஏற்றி அனுப்பியது. ஒரு வகை அயனிகள் 37, 55, 73, 91 என்று பதினெட்டு பதினெட்டாக ஏறின. பதினெட்டு என்றால் தண்ணீர். அது புரிந்துவிட்டது. இன்னொரு வகையில் மட்டும் யாரென்று தெரியாத ஒரு மூலக்கூறு. எடை 41க்குப் பக்கத்தில்.

எரிகற்களின் சோடியத்திலிருந்து வரும் சோடியம் ஹைட்ராக்சைடு என்றார்கள் சிலர். அதன் எடை 40. அசிட்டோநைட்ரைல் என்றார்கள் வேறு சிலர். அதன் எடை 41. ஒரே ஒரு எண்தான் வித்தியாசம்! பெல்ஜியம் குழுவும் சேர்ந்து இன்னும் துல்லியமாக அளந்ததில் அசிட்டோநைட்ரைல்தான் ஜெயித்தது. காடும் வயலும் எரிகிற புகையில் முக்கியமாக வருவது அது.

"வைக்கோல் புகை அவ்ளோ உயரம் போவுதா?" அப்பாவால் நம்ப முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள இழுக்கும்போது அது பிரிஞ்சிடாதா?" என்றார்.

மகன் நிமிர்ந்து பார்த்தான். அதுதான் அந்த ஆராய்ச்சியின் பெரிய தலைவலி. இழுக்கிற மின்புலம் பலமாக இருந்தால் ஒட்டியிருக்கும் தண்ணீர் உதிர்ந்துவிடும். எடை தப்பாகும். அதனால் இழுவையைக் குறைத்துக் குறைத்து அளந்து பார்ப்பார்கள். பிரித்துப் பார்க்கிறவன் தானே அதை மாற்றிவிடக் கூடாது!

"அப்பா, மிச்ச ஜரிகை இருக்கா?"

இருந்தது. கண்டில் கொஞ்சம்.

இரண்டு பேரும் காஞ்சிபுரம் போனார்கள். எக்ஸ்ரே கருவியில் சேலையின் ஜரிகையையும் கண்டில் இருந்த மிச்சத்தையும் வைத்தார்கள். இழையை அறுக்கவில்லை, உரசவில்லை. வெள்ளி, தங்கம், செம்பு எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. தரம் குறைவுதான். ஆனால் கொடுத்த ஜரிகைதான் சேலையில் இருக்கிறது, மாறவில்லை.

சீட்டைப் பார்த்ததும் கூலி வந்துவிட்டது. மன்னிப்பு மட்டும் வரவில்லை. அதை அளக்க இன்னும் கருவி வரவில்லை போலிருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் நண்பர்களே?