மாமாவின் ஃபோட்டோவும் கோல்ட்ரேன் கோயிலும்

கல்யாணமோ எழவோ, எங்கள் வீட்டில் பத்துப் பேர் கூடிவிட்டால் போதும், மாமா அந்தக் கதையை எடுத்துவிடுவார். "நம்ம செட்டிபாளையத்துச் சாமி அமெரிக்காவுல கறுப்பருங்களுக்கு மந்திரம் குடுத்தாரு கண்ணு. அவங்க அதை வெச்சு ஒரு கோயிலே கட்டிப்போட்டாங்க. பூசை, மந்திரம் எல்லாமே ஊதறதுதான். இன்னிக்கும் நடக்குது."

சாமி என்றால் சச்சிதானந்தர். வுட்ஸ்டாக் சாமியார் என்றால் பலருக்குப் பிடிபடும். என் அப்பிச்சிக்கு அவர் பால்ய சிநேகிதர் என்பது மாமாவின் கணக்கு. பக்கத்து ஊர்க்காரர், அவ்வளவுதான் என்பது அம்மாவின் கணக்கு.

கதை முழுப் பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அப்படி ஒரு கோயில் நிஜமாகவே இருக்கிறது என்று தெரிந்த நாளில்தான் உறுத்தல் தொடங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிறது, செயின்ட் ஜான் கோல்ட்ரேன் சர்ச். அங்கே ஜான் கோல்ட்ரேன் என்ற ஜாஸ் கலைஞர்தான் புனிதர். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், கையில் சாக்ஸஃபோன், அதன் வாயிலிருந்து தீ. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் பாதிரியார் சாக்ஸஃபோன் வாசிக்கிறார். எல்லாம் சரி, இதில் எங்கள் ஊர் எங்கே வந்தது?

முதலில் தேதிகளைப் பார்த்தேன். கோல்ட்ரேன் 1967 ஜூலை 17 அன்று ஈரல் புற்றுநோயில் இறந்துபோனார், 40 வயதில். சாமி அமெரிக்காவுக்குப் போனதே 1966-ல். இருவரையும் நேராக முடிச்சுப் போட வழியில்லை. முடிச்சு கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸிடம் இருந்தது. புருஷன் போன துக்கத்தில் தூக்கமும் சாப்பாடும் அற்றுக் கிடந்தவர், சில வருஷம் கழித்து சச்சிதானந்தரிடம் வந்து சேர்ந்தார். 1970 நவம்பரில் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்ற ரெக்கார்டுக்காக வாசித்தார். அவர் ஹார்ப்பை மீட்ட, பின்னால் தம்புரா ஓட, ஃபாரோ சாண்டர்ஸ் சாக்ஸஃபோன் ஊதுகிறார். அடுத்த மாதம் சாமியோடு இந்தியாவுக்கும் வந்தார். அந்த ரெக்கார்டை மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடி இரண்டு நிமிஷம் கேட்டார். "சாமி பேரு எப்ப வரும்?" என்றார். பாட்டே கிடையாது மாமா, வாத்தியம் மட்டும்தான் என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆனால் 1970 டிசம்பர் என்ற தேதி அவரை உசுப்பிவிட்டது. "அந்தம்மா நம்மூருக்கு வந்துச்சு. ஃபோட்டோ இருக்குது" என்றார்.

அந்த ஃபோட்டோ என் ஆறு மாதத்தைத் தின்றது. முதலில் அது கிடைக்கவில்லை. பெட்டியில் என்றார், பரணில் என்றார், சின்ன அத்தை வீட்டில் என்றார். ஒருவழியாகக் கிடைத்தபோது, பூசையறையில் முருகன் படத்துக்குப் பின்னால் அட்டைக்கு அட்டையாக வைத்து ஆணி அடித்திருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம். பந்தல், நடுவில் தாடியோடு சாமி, சுற்றிலும் ஊர்ச்சனம். வலது ஓரத்தில் பந்தக்கால் நிழலில் ஒரு பெண், வெளுத்த சேலை, நெடிய உருவம், முகம் பாதிதான் தெரிகிறது. "பாத்தியா? அந்தம்மாதான்" என்றார் மாமா.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதுதான் வெட்கம். படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். ஆலிஸின் அந்தக் காலத்துப் படங்களைப் பக்கத்தில் வைத்து நெற்றியையும் தாடையையும் ஒப்பிட்டேன். நண்பர்களுக்கு அனுப்பினேன். "இருக்கலாம்" என்று பதில் போட்டவர்களை எல்லாம் நிபுணர்களாகவும், "தெரியலையே" என்றவர்களை விவரம் போதாதவர்களாகவும் எண்ணிக்கொண்டேன். ஒரு கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

ஒரு நாள் பெரியம்மா பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தார். கம்ப்யூட்டர் திரையில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, எங்க சின்னம்மா படத்தை இவ்வளவு பெருசா வெச்சிருக்கே?" என்றார்.

மாமாவின் சொந்தச் சித்தி அவர். கணவரை இழந்து வெள்ளைச் சேலை கட்டியவர். நல்ல உயரம். படத்தைத் திருப்பிப் பார்க்க அதுவரை எனக்குத் தோன்றவில்லை. பின்னால் ஸ்டூடியோ முத்திரை மங்கலாக இருந்தது, ஆண்டு மட்டும் தெளிவாக 1964. சாமி அமெரிக்கா போவதற்கே இரண்டு வருஷம் முந்தியது. "கறுப்பா, ஒசரமா இருந்தா அமெரிக்காக்காரியா?" என்று பெரியம்மா கேட்டது மாமாவைத்தான். எனக்கும் சேர்த்துத்தான் பட்டது. மாமா அசரவில்லை. "இந்தப் படத்துல இல்லைன்னா வேற படத்துல இருப்பாங்க."

அதன் பிறகுதான், யார் விதை போட்டார்கள் என்ற கேள்வியை விட்டுவிட்டு, அந்தக் கோயிலை நடத்துகிறவர்கள் யார் என்று பார்த்தேன். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும்.

ஃபிரான்ஸோ கிங், மரீனா கிங் என்ற தம்பதி. 1965-ல் தங்கள் முதல் கல்யாண நாளைக் கொண்டாட சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜாஸ் வொர்க்‌ஷாப் கிளப்புக்குப் போனார்கள். மேடையில் கோல்ட்ரேன். அன்று தாங்கள் ஒலியில் ஞானஸ்நானம் பெற்றதாக இருவரும் இன்றுவரை சொல்லிவருகிறார்கள். மந்திரம் கொடுத்த சாமி யாரும் இல்லை. மதுக்கூடம், மேசை, எதிரே ஊதிக்கொண்டிருந்த ஒரு மனிதன், அவ்வளவுதான். கோல்ட்ரேன் இறந்த பிறகு நண்பர்களைக் கூட்டி வைத்து அவர் இசையைக் கேட்க ஆரம்பித்தார்கள். அது வழிபாடாகி, 1971-ல் டிவிசடேரோ தெருவில் ஒரு கடை முகப்பில் குடியேறியது. தொடக்கத்தில் அவர்களுக்குக் கோல்ட்ரேன் புனிதர் இல்லை, கடவுளேதான்.

எங்கள் ஊர்க் கயிறு இதற்கு அப்புறம்தான் வந்து சேர்கிறது. 1970-களின் நடுவில் கிங் தம்பதி ஆலிஸைக் குருவாக ஏற்றார்கள். அதற்குள் ஆலிஸ் துரியசங்கீதானந்தா ஆகி, கலிஃபோர்னியாவில் வேதாந்த மையம் நடத்திக்கொண்டிருந்தார். செட்டிபாளையத்திலிருந்து ஆலிஸுக்கு, ஆலிஸிடமிருந்து கிங் தம்பதிக்கு என்று மாமாவின் கதை சில வருஷங்களுக்காவது மெய்தான். பிறகு அறுந்தது. 1981-ல், கணவர் பெயரை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக அதே சர்ச்சின் மேல் ஆலிஸ் 75 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்.

இதை மாமாவிடம் சொன்னேன். சற்று யோசித்தார். "பங்காளி வழக்குத்தானே? வழக்குப் போட்டாங்கன்னா சொந்தம் இருக்குதுன்னுதானே அர்த்தம்?" கோயமுத்தூர் ஜில்லாவில் இந்த வாதத்தை மறுப்பது கஷ்டம்.

வழக்குக்கு மறு வருஷம் கிங் தம்பதி ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் சர்ச்சில் சேர்ந்தார்கள். 1921-ல் கறுப்பின மக்களுக்கென்று ஜார்ஜ் அலெக்ஸாண்டர் மக்வைர் தொடங்கிய திருச்சபை அது. சேர வேண்டுமானால் கோல்ட்ரேன் கடவுளாக நீடிக்க முடியாது. புனிதராக இறக்கப்பட்டார். ஒரு கடவுளைப் பதவியிறக்கிய பக்தர்களை நான் வேறெங்கும் படித்ததில்லை. எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்ததே இங்கேதான். கோல்ட்ரேனும் வருத்தப்பட்டிருக்க மாட்டார். 1966-ல் ஜப்பானில் நிருபர்கள் இனி என்னவாக விருப்பம் என்று கேட்டபோது, புனிதராக என்றுதான் சொன்னார், பாதி சிரிப்போடு.

அவர்கள் வழிபாட்டின் முதுகெலும்பு 'எ லவ் சுப்ரீம்'. கோல்ட்ரேன் 1964 டிசம்பர் 9 அன்று நியூ ஜெர்சியில் ஒரே நாளில் பதிவு செய்தது. அதன் நாலாவது, கடைசிப் பகுதிக்கு அவர் வைத்த பெயர் 'சாம்'. தமிழ் பைபிளில் அதற்குச் சங்கீதம் என்று பெயர். தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, இவ்வளவு பொருத்தமான மொழிபெயர்ப்பு வேறில்லை. ஏனென்றால் கோல்ட்ரேன் அதில் ஒரு பிரார்த்தனையை எழுதி வைத்துக்கொண்டு, அதன் சொற்களைச் சொல்லாமல், அசைக்கு அசை சாக்ஸஃபோனில் ஊதுகிறார். நம் நாயனக்காரர்கள் செய்வதும் அதுதானே? கீர்த்தனையின் சாகித்தியம் உள்ளே ஓடும், துத்துக்காரம் அந்தச் சொல்லில் விழும், பாட்டுத் தெரிந்தவனுக்கு வார்த்தை கேட்கும். சாமி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய சரக்கு அங்கே ஏற்கெனவே இருந்திருக்கிறது.

மாமாவுக்கு ஒரே ஒரு வெற்றி கிடைத்தது. டிவிசடேரோ தெருவில் அவர்கள் ஏழைகளுக்கு இலவசமாகப் போட்டது சைவச் சாப்பாடு. "சைவம்! பாத்தியா?" என்றார். மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த இடம் அவர்களுக்கு நிலைக்கவில்லை. வாடகை ஏறி 2000-ல் வெளியேறினார்கள். ஃபில்மோர் தெருவுக்கு வந்தார்கள். ஒரு காலத்தில் அது கறுப்பினத்தவரின் ஜாஸ் வீதி. 2016-ல் அதையும் விட வேண்டி வந்தது. வேறொரு சர்ச் தன் கூரைக்குக் கீழ் இடம் கொடுத்தது. சட்டி பானையோடு டிரம்ஸையும் தூக்கிக்கொண்டு அலையும் ஒரு குடும்பம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்பா ஆர்ச்பிஷப், கையில் சாக்ஸஃபோன். அம்மாவை எல்லோரும் மதர் மரீனா என்கிறார்கள். மகள் வனிக்கா கிங்-ஸ்டீஃபன்ஸ் பேஸ் கிடார் வாசிப்பவர், பாஸ்டரும் அவரே. கிளப்பில் கேட்ட ஒரு ராத்திரியை அரை நூற்றாண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு வந்தவர்கள் இவர்கள். அந்தக் கோயிலுக்கு எங்கள் ஊர் உரிமை கொண்டாட முடியாது. மாமா இதைப் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

ஆனாலும் அரிப்பு முழுக்கப் போகவில்லை. செட்டிபாளையம், போத்தனூர், கிணத்துக்கடவுப் பக்கம் யார் வீட்டிலாவது, 1970 டிசம்பரிலோ அடுத்த சில வாரங்களிலோ சச்சிதானந்தரோடு வெளிநாட்டுக்காரர்கள் நிற்கிற படம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். முதலில் திருப்பி, பின்னால் இருக்கும் தேதியைப் பாருங்கள்.