வீட்டுவேலை

புதுக்கோட்டை. ஆனி மாதக் காலை. ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகம். பூட்டு திறக்கிறது. வாளி, விளக்குமாறு, கந்தைத் துணி. ஓர் அம்மா மேசை துடைக்கிறார். ஜன்னலைத் திறக்கிறார். குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கிறார். போகிறார்.

ஜன்னலோரம் வடகாட்டுப் பலாச்சுளைகள், தட்டில். மேலே பழ ஈக்கள். பக்கத்தில் பாட்டில்கள், வாயில் பஞ்சு. அடியில் ரவை, வெல்லம், அகர், ஈஸ்ட்.

ஒரு புழு பாட்டில் சுவரில் ஏறுகிறது. மாணவி தூரிகையால் எடுக்கிறார். உப்புக்கரைசல் ஒரு சொட்டு. இரண்டு ஊசி. ஓர் இழுப்பு. உமிழ்நீர்ச் சுரப்பி வரவில்லை. இன்னொரு புழு. வரவில்லை. மூன்றாவது புழு.

ஆர்சின் சாயம். காத்திருப்பு. வடிதாள் வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. நுண்ணோக்கியில் குரோமோசோம். ஏறத்தாழ 1000 இழை ஒட்டிய நாடா. கறுப்புப் பட்டை, வெளுப்புப் பட்டை.

பேராசிரியர் கரும்பலகையில் இரண்டு பெயர் எழுதுகிறார். எம்.எஸ்.எல். ஒரு புரதக் கூட்டு. அது இல்லையென்றால் ஆண் ஈ சாகும். ஆணின் ஒற்றை எக்ஸ் குரோமோசோமை இரண்டு பங்கு உழைக்க வைப்பது அது. "பரீட்சையில் வரும்." பேனாக்கள் அடிக்கோடிடுகின்றன.

என்.எஸ்.எல். அது இல்லையென்றால் ஆணும் சாகும், பெண்ணும் சாகும். 7 புரதங்களின் கூட்டு. எல்லா குரோமோசோம்களிலும், மரபணு தொடங்கும் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. மாஃப் என்ற நொதி இரண்டு கூட்டுக்கும் பொது. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் அசிட்டைல் ஒட்டுவது அதன் வேலை.

பேராசிரியர் "ஹவுஸ்கீப்பிங் ஜீன்" என்கிறார். கீழே தமிழில் எழுதுகிறார்: வீட்டுவேலை மரபணு. எந்தச் செல்லும் ஒரு நாளும் நிறுத்த முடியாத வேலைகள். 2012இல் வந்த ஓர் ஆய்வு. ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் என்.எஸ்.எல். கூட்டைக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுவேலை மரபணுக்களின் வாசலுக்கு, அவற்றைப் படியெடுக்கும் பாலிமரேஸ் வருவது குறைந்திருக்கிறது.

ஒரு பேனா மூடப்படுகிறது. ஒரு கொட்டாவி.

மாணவி நுண்ணோக்கியில் குனிகிறார். "இதுல என்.எஸ்.எல். எங்க சார்?"

"இதுல தெரியாதும்மா."

மணி அடிக்கிறது. நாற்காலிகள் இழுபடுகின்றன.

மாலை. மேசையில் சாயக்கறை, கசங்கிய வடிதாள். தட்டில் பலாக்கொட்டை நான்கு. பூட்டு திறக்கிறது. வாளி, விளக்குமாறு, கந்தைத் துணி. எம்.எஸ்.எல். அழிகிறது. என்.எஸ்.எல். அழிகிறது. அம்மா கொட்டைகளைக் கழுவி முந்தானையில் முடிகிறார். ஜன்னல் சாத்துகிறார்.