இன்னொரு வித்தை

ஒரு வித்தையில் பேர் வாங்கிய பிறகு இன்னொரு வித்தைக்கு மாணவராகப் போய் நிற்பது லேசான காரியமல்ல. தருமபுரியில் சர்க்கஸ் கூடாரம் போட்டால் நான் தவறாமல் போவதற்கு அப்படி நிற்கிறவர்கள்தான் காரணம். ஊஞ்சலில் பறந்த ஒருவர், மேலிருந்து தொங்கும் துணியில் சுழன்று இறங்கக் கற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊஞ்சலில், எதிரே கை நீட்டிக் காத்திருக்கும் கூட்டாளியை நம்பிக் கையை விடலாம். துணியில் அந்தக் கை இல்லை. தன் இடுப்பிலும் கணுக்காலிலும் தானே போட்ட சுற்றுதான் துணை. பழகித் தீர்ந்த பயம் மறுபடி முதலிலிருந்து வரும்.

நம் சர்க்கஸ்காரர்களில் பலரை இந்த மாற்றத்துக்குத் தள்ளியது காலம். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டக் கூடாது என்று 1998இல் மத்திய அரசு தடை விதித்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தடையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். மீட்கப்பட்ட சிங்கங்களுக்கும் புலிகளுக்கும் வண்டலூர் போன்ற இடங்களில் மறுவாழ்வு மையங்கள் அமைந்தன. ஆனால் அவற்றோடு வாழ்ந்தே பிழைப்பு நடத்திய மனிதர், அடுத்த காட்சிக்கு வேறு வித்தையைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜெமினி சர்க்கஸை உருவாக்கிய சங்கரனின் வாழ்க்கை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. தலச்சேரியில் சர்க்கஸ் ஆசான் கீலேரி குஞ்ஞிக்கண்ணனிடம் சிறு வயதில் பயின்றவர். பிறகு ராணுவத்துக்குப் போனார். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியதும் மறுபடி பயிற்சிக்குப் போய், பார் விளையாட்டில் தேர்ந்தார். 1951இல் நலிந்து கிடந்த ஒரு சர்க்கஸைக் கூட்டாளியோடு வாங்கி, ஜெமினி என்று பேர் வைத்தார். ராணுவம் பார்த்து வந்த ஆள் திரும்பவும் ஓர் ஆசானின் முன்னால் மாணவராக நின்றதுதான், முதலாளியானதைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்படி இன்னொரு வித்தைக்குப் போய் நிற்பது எங்கள் மாவட்டத்துக் கூத்துக் கலைஞர்களுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம். திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதச் சொற்பொழிவும் தெருக்கூத்தும் நடக்கும் நாட்களில் அர்ச்சுனன் தபசு தனி நாள். சலங்கை கட்டித் தரையில் சுழன்றாடிய கலைஞர், அன்று உயர்ந்து நிற்கும் தபசு மரத்தில் ஏற வேண்டும். சிவனிடம் பாசுபதம் வேண்டிப் போகும் அர்ச்சுனனாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சையும் வில்வமும் வீசும்போது, கீழே பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். வலை கிடையாது. நடுவில் பாட்டும் அறுந்துவிடக் கூடாது.

மரம் ஏறுவது அவருடைய தொழில் இல்லை. இருந்தாலும் இரவிரவாக ஆடிக்கொண்டே பாடியவருக்கு மூச்சை எங்கே இழுத்து எங்கே விட வேண்டும் என்று உடம்புக்கே தெரிந்திருக்கும். அந்த மூச்சுதான் மரத்தின் மேலும் அவரைத் தாங்குகிறது. ஊஞ்சல்காரருக்கும் அப்படித்தான். ஊஞ்சலின் பிடி துணிக்கு உதவாது. எந்த நொடியில் கையை விட வேண்டும் என்று வருஷக்கணக்கில் கற்ற நிதானம் உதவும். ஒரு வித்தைக்காகப் பட்ட பாடு அந்த வித்தையோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இவர்களிடம்தான் கண்டுகொண்டேன். நாற்பது வயதுக்கு மேல் தொழில் மாற நேரும் நெசவாளிக்கும் விவசாயிக்கும் இதை நான் தயங்காமல் சொல்வேன்.

சர்க்கஸில் சில சமயம் பிடி தவறும். கலைஞர் கும்பிட்டுவிட்டு மறுபடி ஏறுவார். அப்போது உச்சுக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தவறிய பிறகும் எல்லார் கண்ணெதிரிலும் திரும்ப ஏற முன்வந்தவர் அவர். வித்தை கைகூடும்வரை காத்திருக்காமல், அவர் ஏறத் தொடங்கும்போதே நாம் கைதட்ட வேண்டும்.