சஸ்பென்ஸ் கணக்கு

ஒரு நாவலைப் பத்துப் பேர் நன்றாயிருக்கிறது என்றால் அதை ஒருமித்த அபிப்பிராயம் என்று எடுத்துக்கொண்டுவிடுகிறோம். ஏன் நன்றாயிருக்கிறது என்று தனித்தனியே கேட்டால் பாதிப் பேர் மறுபாதியை மறுப்பார்கள். கேட்பதில்லை. பியர் ஃப்ரீட்லிங்ஸ்டைனும் சகாக்களும் 2006-ல் வெளியிட்ட ஒரு விஞ்ஞானக் கட்டுரையின் சிறப்பு, அவர்கள் கேட்டார்கள் என்பதுதான்.

சீதோஷ்ணத்தையும் கார்பன் சுழற்சியையும் சேர்த்துக் கணக்கிடும் 11 கம்ப்யூட்டர் மாடல்கள். எல்லாவற்றுக்கும் ஒரே புகைக் கணக்கைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் 2100 வரை இரண்டு தடவை ஓட்டினார்கள். ஒரு ஓட்டத்தில் காடும் மண்ணும் கடலும் உலகம் சூடாவதை உணரும். மற்றதில் கரியமில வாயு கூடுவதை மட்டுமே அறியும். இரண்டுக்குமுள்ள வித்தியாசம், சூடு தன் பங்குக்குக் காற்றில் சேர்க்கும் வாயு. வித்தியாசம் கூடுதலாகவே இருக்கும் என்பதில் 11-ம் ஒன்றுபட்டன. எவ்வளவு? ஒன்று பத்து லட்சத்தில் 20 பங்கு என்றது, இன்னொன்று 200 என்றது. பெரும்பாலானவை 50-க்கும் 100-க்கும் இடையில்.

சராசரி எடுத்துக்கொண்டு போய்விடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. 8 மாடல்கள் பழியை நிலத்தின்மேல் போட்டன, 3 கடலின்மேல். நிலம்தான் என்றவற்றிலும், செடிகள் வளர்ச்சி குன்றுவதாலா, மண்ணிலுள்ள மக்கு வேகமாகச் சிதைவதாலா என்பதில் ஒற்றுமையில்லை. தீர்ப்பு ஒன்று, காரணங்கள் வேறு. இவற்றின் சராசரி யாருடைய வாதமும் அல்ல.

தவிர, 11 என்பதே முழுக்க 11 அல்ல. உச்ச எண்ணைச் சொன்ன பிரிட்டனின் ஹாட்லி மையத்து மாடலும் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழக மாடலும் தாவரங்களுக்கு ஒரே உறுப்பைப் பயன்படுத்தின. ஒரே ஆசிரியரிடம் படித்த இரண்டு விமர்சகர்களை இரண்டு சாட்சியாக எண்ணலாமா?

பாங்கில் கணக்கு இடித்தால், இடிக்கிற தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம். பூமியின் கார்பன் பேரேட்டில் நிலம் வெகுகாலம் அந்த இடத்தில்தான் இருந்தது. எரித்ததும் காடழித்ததும் வரவு. காற்றில் தங்கியதையும் கடல் வாங்கியதையும் கழித்து, மீந்ததை நிலம் விழுங்கியதாக எழுதினார்கள். டாலி ஆகிவிடும், பிழை இருந்தாலும். 2017 முதல் உலகக் கார்பன் பட்ஜெட் தயாரிப்பவர்கள் நிலத்தின் பங்கைத் தனியே மாடல்களால் கணக்கிட்டு, இடிக்கிற தொகையை ஒரு தனி வரியாகவே அச்சிடுகிறார்கள். நம் பத்திரிகைகளில் அப்படி ஒரு வரிக்கு இடம் விடப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

ஒப்பீடு 2006-ல் முடிந்துவிடவில்லை. மண்ணில் நைட்ரஜன் போதாவிட்டால் கரியமில வாயு எத்தனை மிகுந்தாலும் செடி அதிகம் வளராது. சூட்டில் மக்கு சிதையும்போது விடுபடும் நைட்ரஜனோ செடிக்கு உரமாகும். இதைச் சேர்த்துக்கொண்ட மாடல்கள் 2020-ல் வந்த ஒப்பீட்டில் இருந்தன. அவற்றில் நிலம் வாங்குவதும் குறைந்தது, சூட்டில் இழப்பதும் குறைந்தது. 2006-ன் மாடல்களில் அநேகமாக எதிலும் நைட்ரஜன் இல்லை. அந்த விஷயத்தில் அவை ஒன்றுபட்டிருந்தன.