திருவாதிரை வெடிக்குமா?

செத்துப்போன நட்சத்திரத்தின் வெளிச்சம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று ஏதாவது ஒரு கவிதையில் நீங்களும் படித்திருப்பீர்கள். எனக்கு அந்தக் கற்பனையோடு ஒரு கணக்குத் தகராறு உண்டு. என்டியூவில் இயந்திரப் பொறியியல் படித்தவன். வானியல் எனக்குப் பாடமல்ல, பழக்கம். தகராறைச் சொல்லுமுன் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குவீன்ஸ்டவுனில் இரவு என்பது பெயருக்குத்தான். 2016இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடத்தில் முதலிடம் சிங்கப்பூருக்கு. ஆனாலும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் டாசன் புளோக்குகளுக்கு மேலே ஓரையன் தெரியும். அதன் தோளில் செக்கச்செவேலென்று ஒரு புள்ளி, பெட்டல்ஜியூஸ். நம்முடைய திருவாதிரை அதுதான். பாட்டியின் ஜென்ம நட்சத்திரமும் அதுவே. காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயிலில் அர்ச்சனைக்குச் சீட்டு வாங்கும்போதெல்லாம் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வோம்.

2019 கடைசியில் அது மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் வழக்கமான வெளிச்சத்தில் பாதிகூட இல்லை. வெடிக்கப்போகிறதோ என்று செய்திகள் வந்தன. பாட்டி கேட்டார், "ஏன்யா, என் நட்சத்திரம் வெடிச்சிருமாமே?"

வெடிப்பில் நோவா, சூப்பர்நோவா என்று இரண்டு உண்டு என்று ஆரம்பித்தேன்.

சூரியனைப் போன்ற நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்தபின் பூமி அளவுக்குச் சுருங்கிவிடும். அது வெண்குறுமீன். பக்கத்தில் துணை நட்சத்திரம் ஒன்று இருந்தால், அதன் ஹைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக வந்து இதன்மேல் படியும். படிவு கனக்கக் கனக்க அழுத்தமும் சூடும் ஏறி ஒருநாள் பற்றிக்கொள்ளும். சிதறுவது மேல்தோல் மட்டும். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், மறுபடி சேர்க்கும், மறுபடி வெடிக்கும். இதுதான் நோவா. டி கொரோனா போரியாலிஸ் என்ற நட்சத்திரம் 1866இல் ஒருமுறையும் 1946இல் ஒருமுறையும் இப்படி வெடித்தது.

சூப்பர்நோவா என்றால் பெரிய நோவா என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதில் நட்சத்திரமே போய்விடும். வெண்குறுமீன் சேர்த்துச் சேர்த்து 1.4 சூரியன் எடையை நெருங்கினால் மையத்தில் கார்பன் பற்றி, மொத்தமும் சிதறும். அந்த 1.4 என்ற எல்லையைக் கணக்கிட்டவர் மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரி மாணவர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது கணக்கைத் தொடங்கினார், வயது 19. 1935இல் லண்டன் கூட்டத்தில் எடிங்டன் அதைக் கேலி செய்தார். நோபல் 1983இல் வந்தது.

இன்னொரு வழி, சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள நட்சத்திரங்களுக்கு. அவற்றின் மையத்தில் கடைசியில் இரும்பு சேரும். இரும்பை எரித்து ஆற்றல் எடுக்க முடியாது. அந்த இரும்பு மையம் கிட்டத்தட்ட அதே சந்திரசேகர் எல்லையைத் தாண்டியதும் ஒரு நொடிக்குள் உள்ளே சரிந்துவிடும். மேலே உள்ளதெல்லாம் வெளியே தெறிக்கும். திருவாதிரையின் முடிவு இந்த வகைதான்.

பாட்டி யோசித்துவிட்டுச் சொன்னார், "அப்போ ஒன்னு பெயிண்ட் அடிக்கிறது, இன்னொன்னு என்புளோக்."

பழைய புளோக்குகளை அரசாங்கம் மொத்தமாக எடுத்து இடிப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். தங்ளின் ஹால்ட்டில், சீனர்கள் சாப் லாவ் என்று சொன்ன பத்து மாடி புளோக் ஒன்றில் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தவர் பாட்டி. 2014இல் அறிவிப்பு வந்தபின் டாசனுக்கு மாறினோம். இதைவிட நல்ல உவமை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

"சாமானெல்லாம் எங்கய்யா போவும்?"

"எல்லாப் பக்கமும் போகும் பாட்டி. நீங்க சாப்பிடுற இரும்புச்சத்து மாத்திரை இருக்குல்ல, அதுல உள்ள இரும்பு அந்தமாதிரி வெடிச்சு வந்ததுதான்."

கையிலிருந்த மாத்திரையை ஒருதரம் பார்த்துவிட்டு விழுங்கினார்.

திருவாதிரை மங்கியதற்குக் காரணம் அது கக்கிய வாயு குளிர்ந்து தூசாகி முகத்தை மறைத்தது என்று பிறகு தெரிந்தது. அது வெடிக்க இன்னும் ஒரு லட்சம் ஆண்டுகூட ஆகலாம் என்கிறார்கள். அதன் தூரம் 500இலிருந்து 700 ஒளியாண்டு. எழுநூறு என்றே வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். நாம் பார்க்கும் ஒளி கிளம்பியபின் அது வெடித்திருக்க நூற்றுக்கு ஒரு வாய்ப்புகூடக் கிடையாது. கவிதையோடு என் தகராறு இதுதான். வெறும் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் கிட்டத்தட்ட எல்லாமே இப்போதும் அங்கே இருக்கின்றன.

இதைச் சொன்னபோது பாட்டி, "இருக்கும்ல? அது போதும்" என்றார்.

2022இல் பாட்டி போய்விட்டார், சிறுநீரகக் கோளாறு. அடுத்த வருடம் கோயிலில் அப்பா எங்கள் பெயர்களைச் சொல்லி முடித்ததும், சீட்டுப் போடுபவர் பழக்கத்தில் "திருவாதிரை?" என்றார். அப்பா இல்லையென்று தலையை ஆட்டினார்.