18 மில்லிமீட்டருக்குள் ஓர் எச்சரிக்கை

சிவனசமுத்திரத்தில் காவிரி தந்த மின்சாரம் 1902-இல் முதலில் கோலார் தங்கச் சுரங்கத்துக்குச் சென்றது. பெங்களூருக்கு 1905-இலும் மைசூருக்கு 1908-இலும் மின்விளக்கு வந்தது. அதே ஆற்றின் இரு கிளைகளுக்கு நடுவே தீவாக அமைந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பழைய வீடுகளில் வயரிங்கும் அடுக்கடுக்காகவே வளர்ந்திருக்கிறது: மரச்சட்டத்தில் ஓடிய கம்பி, பின்னர் பி.வி.சி. குழாய், அதன்பின் இன்வெர்ட்டர். ஒவ்வொரு காலத்து எலக்ட்ரீஷியனும் தாம் இழுத்த கம்பியை அறிவார். முழுவதையும் அறிந்தவர் அரிது.

இன்வெர்ட்டர் வந்தபின் இந்த அறியாமை உயிராபத்தாயிற்று. மெயினை அணைத்தால் வீடு முழுவதும் மின்சாரம் நின்றுவிடும் என்பது பழைய நம்பிக்கை. இன்வெர்ட்டரோடு இணைந்த விசிறிக்கும் விளக்குக்கும் அது பொருந்தாது. மெயின் அணைந்ததுமே பேட்டரி பொறுப்பேற்றுவிடும். சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இவ்வண்ண வழக்கு கம்பியின் வகையைச் சொல்லுமே தவிர, அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாது. அதற்கு எழுத்து வேண்டும். அவ்வெழுத்து ஆண்டுக்கணக்கில் அழியாதிருக்கவும் வேண்டும்.

ஆகவே லேபிள் அச்சிடும் கருவியை வாங்குவோர் கருவியைவிட நாடாவையே முதலில் ஆராய வேண்டும். ஏ.டி.எம். ரசீதைப் போல, சூடு பட்டுத் தாளே கறுக்கும் நேரடி வெப்ப அச்சு, வெயிலிலும் வெப்பத்திலும் கெட்டுவிடும். மைநாடாவிலிருந்து மையை உருக்கிப் பிளாஸ்டிக்கில் ஏற்றும் முறை நிலைத்து நிற்கும். பிரதரின் டி.இசட்.இ. நாடாக்களில் பெரும்பாலானவை அச்சின்மேல் ஒளிபுகும் படலம் மூடியவை. ஈரமும் உராய்வும் எளிதில் எழுத்தைத் தொடா. டைமோவின் ரைனோ வரிசைக் கருவிகள் நைலான் நாடாவிலும், சூட்டில் சுருங்கும் குழாயிலும் அச்சிடும். விறைப்பான நாடாவை மெல்லிய கம்பியில் சுற்றினால் நுனி எழும்பிவிடும். அங்கே வளையும் நாடா வேண்டும், அல்லது நாடாவைக் கொடிபோல் மடித்து ஒட்ட வேண்டும்.

அடுத்த வினா மொழியைப் பற்றியது. ஒற்றை எம்.சி.பி.யின் அகலம் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர். 'குளியலறை கீசர்' என்பதைப் படிக்கும் அளவில் அதற்குள் அடக்க இயலாது. கைக்கு அடக்கமான கருவிகள் பலவற்றில் ஆங்கில எழுத்தே உண்டு. கைப்பேசியோடு இணைபவை கன்னடத்தையும் தமிழையும் படமாக அச்சிடும். இத்தீவில் வீட்டுக்குள் தமிழ் பேசிக் கன்னடத்தில் பயின்ற குடும்பங்கள் உள்ளன. பழுது பார்க்க வருபவரோ கன்னடம் மட்டுமே படிப்பவராக இருக்கலாம். அபாயத்தில் கை வைப்பவர் அவரே. லேபிளின் மொழி அவருடையதாக இருப்பதே நியாயம்.

எம்.சி.பி.யிலும் கம்பியிலும் எண் மட்டும் இட்டு, எந்த எண் எந்த அறைக்கு என்னும் அட்டவணையைப் பெட்டிக் கதவின் உட்புறம் இரு மொழியிலும் ஒட்டலாம். இன்வெர்ட்டர் கம்பிக்கு மட்டும் எண் போதாது. 'மெயினை அணைத்தாலும் மின்சாரம் உண்டு' என்பதை முழு வாக்கியமாகவே, வேறு நிற நாடாவில் எழுத வேண்டும்.

அச்சிடுமுன் ஒவ்வோர் எம்.சி.பி.யையும் அணைத்து, எது நிற்கிறது என்று நேரில் சோதித்தாக வேண்டும். லேபிள் இல்லாத கம்பியை எலக்ட்ரீஷியன் ஐயத்தோடு அணுகுவார்; தவறான லேபிளை நம்பிவிடுவார். நாடா நீடித்து உழைக்க உழைக்க அத்தவறும் நீடிக்கும்.